ஆளில்லா கேட்டும் என் வகிடும்

உலகத்தில் போட்டோ பிடிக்கிறவர்கள் எல்லோரும் கேமராவுக்குப் பின்னால் நிற்பார்கள். எங்கள் வீட்டு முன்கடையில் குடியிருந்தவர் மட்டும் கேமராவை ஒரு தெருவில் நிறுத்திவிட்டு அடுத்த தெருவில் நிற்பார். ராசிபுரத்தில் அவர் பிடித்த கல்யாணங்களில், படம் பிடித்தது யாரென்று பெண் வீட்டாருக்கும் தெரியாது, மாப்பிள்ளை வீட்டாருக்கும் தெரியாது. பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒரு கையால் ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டு இன்னொரு கையால் போனைத் தடவிக்கொண்டிருப்பவர்தான் அவர் என்று எனக்குத் தெரியும். நானும் கடைசி வரிசைதான்.

அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். ஊர் வைத்த பேர் ‘ஆளில்லா கேட்டு’. ரயில் பாதையில் காவலாள் இல்லாத கேட்டுக்கு முன்பெல்லாம் அப்படிப் போர்டு வைத்திருப்பார்களே, அதுதான். மூன்று கால் ஸ்டாண்டில் கேமரா தன்னந்தனியாக நிற்கும். பக்கத்தில் ஈ காக்கை இருக்காது. ஆனால் டக் டக் என்று சத்தம் மட்டும் வரும். அதை முதலில் பார்த்துப் பயந்துபோன ஒரு லாரிக்காரர் வைத்த பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவருக்கும் அதில் வருத்தம் இல்லை. சொந்தப் பேரைச் சொல்ல வேண்டிய வேலை ஒன்று குறைந்தது என்று சந்தோஷப்பட்டிருப்பார்.

சின்ன வயதில் சேலத்தில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பழகினாராம். லைட் வைக்க வந்தது, பிலிம் கழுவ வந்தது, ஃபிரேம் போட வந்தது. ஒன்றே ஒன்று வரவில்லை. ‘கொஞ்சம் சிரிங்க’ என்று சொல்ல வராது. எதிரில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்தால் போதும். இவர் அவர்களைப் பார்ப்பார், அவர்கள் இவரைப் பார்ப்பார்கள். இவருக்கு வேர்க்கும், அதைப் பார்த்து அவர்களுக்கும் வேர்க்கும். அவர் பிடித்த படங்களில் எல்லோரும் ஊசி போட வரிசையில் நிற்கிறவர்களைப் போல இருந்தார்களாம். முதலாளி கும்பிட்டு அனுப்பிவிட்டார். அதற்கப்புறம் பல வருஷம் லாரி, மோட்டார், முட்டை அட்டை என்று உயிரில்லாததாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். லாரியைச் சிரிக்கச் சொல்ல வேண்டியதில்லை அல்லவா.

போனில் இருந்தே கேமராவை இயக்கலாம் என்று ஒரு ஆப் வந்ததும் மனிதர் மறுபிறவி எடுத்துவிட்டார். கேமரா பார்ப்பதெல்லாம் போனில் தெரியும். போனில் ஒரு வட்டத்தைத் தொட்டால் அங்கே கேமரா ‘டக்’ என்னும். யார் முகத்தையும் நேரில் பார்க்காமல் எல்லோர் முகத்தையும் பிடிக்கலாம். அவருக்காகவே யாரோ கண்டுபிடித்த மாதிரி இருந்தது.

நான் அவரை விட ஒரு படி மேல். அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். அந்த அஞ்சு வருஷமும் வாத்தியார் கேள்வி கேட்டால் முன்னால் இருப்பவளின் பின்னலைப் பார்த்தபடிதான் பதில் சொன்னேன். வீட்டுக்கு வெளியாள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு கதவு உண்டு. அவர் குடியிருந்த அத்தனை வருஷமும் நாங்கள் பேசியதெல்லாம் அந்த நடுக்கதவு வழியாகத்தான். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.

“அக்கா, மோட்டார் போடட்டுங்களா?”

“போடுங்க தம்பி.”

சில நேரம் இரண்டு பேரும் பேசி முடித்த பிறகு, அடுத்தவர் நகர்ந்துவிட்டாரா இல்லையா என்று தெரியாமல் கதவுக்கு இரண்டு பக்கமும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்போம். எங்கள் வீட்டுக்காரர் அதைப் பார்த்து, “இப்பிடியே கதவுகிட்டயே பேசிக்கிட்டிருங்க. ஒரு நாளைக்கு அது வாயத் தொறந்து, போதும் போங்கன்னு சொல்லப் போவுது” என்பார்.

எங்கள் வீட்டுக்காரருக்குச் சொந்தத்தில் ஒரு லாரி. அவரே ஓட்டுவார். வடக்கே போனால் திரும்ப மாதமாகும். அவருக்கு ஒரே ஒரு குறை. லாரி கேபினில் கண்ணுக்கு நேராக எல்லா டிரைவர்களும் பெண்டாட்டி பிள்ளை படம் வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டுக்காரரும் வைத்திருந்தார். கல்யாணப் படம். அதில் அவர் முகம் நன்றாக இருக்கும். என்னுடையதில் வகிடு நன்றாக இருக்கும். தலையை அவ்வளவு குனிந்திருந்தேன். அதற்கப்புறம் பிடித்த படங்களிலும் வகிடுதான். கறுப்பு முடிக்கு நடுவில் இருந்த வகிடு, வரவர வெள்ளை முடிக்கு நடுவில் வந்துவிட்டது, அவ்வளவுதான் மாற்றம். கூட ஓட்டும் டிரைவர்கள் படத்தைப் பார்த்து, அண்ணி நல்லா எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாங்களாட்ட என்று கேட்பார்களாம்.

வண்டி கிளம்பும்போதும் நான் வாசலுக்கு வந்ததில்லை. கிளீனர் நிற்பான், பக்கத்து வண்டிக்காரர்கள் நிற்பார்கள். கதவிடுக்கில் நின்று பார்ப்பேன். அவர் கண்ணாடியில் பார்த்தால் வீடு தெரியும், நான் தெரியமாட்டேன்.

அந்த வருஷம் பழைய லாரியைக் கொடுத்துவிட்டு, புதுசாகச் சேசிஸ் எடுத்து நாமக்கல்லில் பாடி கட்டக் கொடுத்திருந்தார். சேசிஸ் என்றால் லாரியின் வெறும் எலும்பு. கேபினும் பெட்டியும் நாமக்கல் பட்டறையில்தான் உண்டாகும். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:

“இத பாரு புள்ள, இதுதான் நான் ஓட்டற கடைசி வண்டி. அதுலயாச்சும் உன்ற மூஞ்சியப் பாத்துக்கிட்டு ஓட்டோணும். வண்டி பட்டறைய விட்டு வாரதுக்குள்ள ஒரு படம் புடிச்சுக் குடு. நிமுந்து என்னையப் பாக்கற மாதிரி, சிரிச்ச மாதிரி.”

நான் சாம்பார் ஊற்றினேன். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். அதுவும் என்னால் முடியாத ஒன்று.

அந்தச் சமயத்தில்தான் ஆளில்லா கேட்டுக்கு அடுத்த பித்துப் பிடித்தது. கம்பெனிக்காரன் கேமராவுக்குள் வைத்த புரோகிராமுக்கு மேலே இன்னொரு புரோகிராமை ஏற்றலாமாம். வெளிநாட்டில் முகம் தெரியாத நாலு பேர் சேர்ந்து எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்களாம். அதைக் கார்டில் போட்டு உள்ளே நுழைத்தால், கம்பெனி சொல்லிக் கொடுக்காத வேலையை எல்லாம் கேமரா செய்யுமாம். எதிரில் எதுவாவது அசைந்தால் தானாகவே படம் பிடிக்குமாம். போன்கூட வேண்டாம். இவரும் வேண்டாம்.

எங்கள் வீட்டுக்காரருக்குச் சந்தேகம். கம்பெனி சாமானில் கையை வைத்தால் கம்பெனிக்காரன் ஒத்துக்கொள்வானா என்று கேட்டார்.

ஆளில்லா கேட்டு தரையைப் பார்த்தபடி சொன்னார்: “கம்பெனி குடுத்தது சேசிஸ்தானுங்க. பாடி நாம கட்டிக்கிறதுதானுங்க.”

எங்கள் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். நாமக்கல் ஜில்லாக்காரரிடம் இதற்கு மேல் ஒரு விளக்கம் வேண்டுமா. அன்றிலிருந்து கேமராவைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கெல்லாம் அவரே, “பாடி கட்டற வேல நடக்குதுங்க” என்று பதில் சொன்னார்.

முதல் தடவை ஏற்றியபோது கேமரா செத்துப்போனது. பொத்தானை அழுத்தினால் உயிர் இல்லை. காய்ச்சல் கண்ட குழந்தையைப் போல அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். நடுக்கதவு வழியாக ஒரு தம்ளர் மோரை வைத்தேன். காலையில் பேட்டரியைக் கழற்றி மாட்டினார், கண்ணைத் திறந்துவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் ஓடிப்போய் எலுமிச்சம்பழம் வாங்கி வந்தார். புது வண்டிக்குச் சக்கரத்துக்கு ஒன்று வைத்து ஏற்றுகிற மாதிரி, ஸ்டாண்டின் மூன்று காலுக்கும் மூன்று பழம். லாரி பழத்தின் மேல் தானாக ஏறும், ஸ்டாண்டு எப்படி ஏறும்? இரண்டு பேரும் சேர்ந்து தூக்கி அழுத்தியதில் இரண்டு பழம் நசுங்கியது. மூன்றாவது நழுவிச் சாக்கடையில் விழுந்துவிட்டது. பின்னால் வந்த கஷ்டமெல்லாம் அந்த ஒரு பழத்தால்தான் என்று எங்கள் வீட்டுக்காரர் கடைசி வரைக்கும் நம்பினார்.

முதல் கஷ்டம் ஒரு கல்யாணத்தில் வந்தது. நானும் போயிருந்தேன். முகூர்த்த நேரம். மேளம் கொட்டுகிறது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார், பெண் கழுத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், அப்படியே நின்றுவிட்டார். இந்தக் காலத்தில் தாலி கட்டச் சொல்வது பெரியவர்களா, போட்டோக்காரர் அல்லவா? ‘இருங்க, இப்படித் திரும்புங்க, ம், கட்டுங்க’ என்று அவர் சொன்னால்தான் முடிச்சு விழும். இங்கே சொல்ல ஆள் இல்லை. மாப்பிள்ளை கேமராவைப் பார்க்கிறார். கேமரா மாப்பிள்ளையைப் பார்க்கிறது. நாதஸ்வரக்காரருக்கு மூச்சு முட்டுகிறது. சடங்கு நடத்திவைக்க வந்த பெரியவர், நேரம் போகிறதே என்று பொறுக்கமாட்டாமல் கேமராவையே கும்பிட்டு, “ஏனுங்க, கட்டலாமுங்களா?” என்று கேட்டார்.

ஆளில்லா கேட்டு எங்கே? கீழே பந்தியில். இடையில் இருந்த காங்கிரீட் தளத்தால் தொடர்பு அறுந்து, போனில் படம் அப்படியே உறைந்துபோயிருந்தது. மாப்பிள்ளை தாலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பதைப் பார்த்து, எவ்வளவு பொறுமையான பையன் என்று இவர் பாயசத்தைக் குடித்துக்கொண்டிருந்தாராம்.

கடைசியில் மணப்பெண்ணே தலையைத் திருப்பி, “நீங்க கட்டுங்க, படம் வந்தா வருது” என்றாள். அவள் அசைந்ததும் கேமரா தானாகவே ‘டக்’ என்றது. நாலு பேர் எழுதிய புரோகிராம் காப்பாற்றிவிட்டது. பெண் வாயைத் திறந்து அதட்ட, மாப்பிள்ளை பயந்துபோய் முடிச்சுப் போடுகிற அந்தப் படம் இன்றைக்கும் அவர்கள் வீட்டுக் கூடத்தில் பெரிதாக மாட்டியிருக்கிறது. வீட்டின் நடப்புக்கு ரொம்பவும் பொருத்தம் என்று சொல்கிறார்கள்.

இரண்டாவது, கோழிப்பண்ணை. நாமக்கல் பக்கத்தில் ஒரு பண்ணைக்காரர், கோழிகள் பொழுது சாய்ந்த பிறகு சரியாகத் தீனி எடுக்கிறதா என்று பார்க்க ஆசைப்பட்டார். இவர் கொட்டகையில் கேமராவை வைத்தார். அசைந்தால் பிடி என்று சொல்லிவைத்தார். பிளாஷை அணைக்க மறந்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஒரு கோழி அசைந்தது. பளிச் என்றது. பளிச்சைப் பார்த்துக் கூண்டுக்குள் நூறு கோழி சிறகடித்தது. அசைவைப் பார்த்துக் கேமரா மறுபடியும் பளிச். அதைப் பார்த்து ஆயிரம் கோழி. பளிச். பண்ணைக்காரர் ஷார்ட் சர்க்யூட் என்று நினைத்து ஓடிப்போய் மெயினை அணைத்தார். மெயினை அணைத்த பிறகும் வெளிச்சம் நிற்கவில்லை என்றதும் அவரே ரோட்டுக்கு ஓடிவந்துவிட்டார். பேட்டரி தீர்ந்துதான் கோழிகளுக்கு விமோசனம்.

மறுநாள் பண்ணைக்காரர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவர் குரலைக் கேட்டதும் நடுக்கதவு திறந்தது. ஆளில்லா கேட்டு முதல்முதலாக வீட்டுப் பக்கம் வந்து, அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். நானும் அந்த மூட்டைக்குப் பின்னால் போகத்தான் கிளம்பினேன். இடம் போய்விட்டது. வேறு வழியில்லாமல் கதவிடுக்கில் நின்று, ஆள் இல்லீங்க என்றேன்.

“அது தெரியுமுங்கம்மா, அதான பேரே. வந்தா சொல்லுங்க, என்ற கோழியெல்லாம் நின்னுக்கிட்டே தூங்குது, முட்ட உடுறத மறந்துபோச்சுன்னு.”

அவர் போனதும் மூட்டைக்குப் பின்னால் இருந்து ஒரு குரல், “அக்கா, நல்லாப் பேசுனீங்க” என்றது.

அந்த நன்றிக்காகத்தான் என் படத்தைப் பிடித்துக் கொடுக்க அவரே முன்வந்தார் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டுக்காரரும் சொல்லியிருப்பார். பட்டறையில் கேபின் முடிந்து பெயிண்ட் அடிக்கிற நேரம். அவர் நேராகக் கேட்கவும் இல்லை, நான் சரி என்று சொல்லவும் இல்லை. கேமராவைக் கொல்லையில் முருங்கை மரத்தில் கட்டிவிட்டார். துணி துவைக்கும்போது, பாத்திரம் கழுவும்போது தானாகப் பிடித்துக்கொள்ளட்டும் என்று. கேமரா நன்றாகத்தான் வேலை செய்தது. காக்கை வந்தது, அணில் வந்தது, பக்கத்து வீட்டுப் பூனை மூன்று விதமாக வந்தது. என்னுடையது எல்லாம் முதுகு. கேமரா எங்கே இருந்தாலும் என் முதுகு எப்படியோ அதைக் கண்டுபிடித்துத் திரும்பிக்கொள்ளும். கொய்யா மரத்தில் வைத்தார், முதுகு. கிணற்று ராட்டினத்தில் வைத்தார், வகிடு.

பட்டறையில் இருந்து எங்கள் வீட்டுக்காரர் போன் செய்தார். வியாழக்கிழமை வண்டி வெளியில் வருகிறது, படம் ஆச்சா என்று கேட்டார். அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு மத்தியானம் நடுக்கதவுக்குப் பின்னால் நின்று, முடியாது தம்பி, விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

போய்விட்டார் என்று நினைத்தேன். அப்புறம்தான், அவர் வாழ்நாளிலேயே அவ்வளவு நீளமாகப் பேசியிருக்கமாட்டார், அப்படிப் பேசினார்.

“அக்கா, வெக்கம் மூஞ்சியில இல்லீங்க. பொத்தான் அடுத்தவங்க கையில இருக்குதுங்களே, அதுலதானுங்க இருக்குது. எப்ப அமுக்குவாங்களோன்னு நெனச்சாலே எனக்குமே ஒடம்பு கூசுமுங்க. பொத்தான் உங்க கையிலயே இருக்கட்டும்.”

கதவுக்கு அடியில் பூனை நுழைகிற சந்து உண்டு. அது வழியாக அவருடைய பழைய போன் ஒன்று வழுக்கிக்கொண்டு வந்து என் காலடியில் நின்றது. நான் திருப்பித் தள்ளினேன். மறுபடி வந்தது. மறுபடி தள்ளினேன். மூன்றாவது தடவை வந்தபோது எடுத்துக்கொண்டேன்.

எப்படி என்று கதவு வழியாகவே சொன்னார். கேமராவைக் கொல்லையில் ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தாராம். ஆப்பைத் திறந்தால் ஒரு வட்டம் சுற்றும். கேமராவைத் தேடுகிறது என்று அர்த்தம். கிடைத்ததும் படம் தெரியும். கீழே இருக்கிற வெள்ளை வட்டத்தைத் தொட வேண்டும். அவ்வளவுதான்.

அடுப்படியில் உட்கார்ந்து திறந்தேன். வட்டம் சுற்றியது. பிறகு உள்ளங்கையில் என் கொல்லை தெரிந்தது. துவைக்கிற கல், கொடியில் காய்கிற சேலை, கோழி. ஐம்பது வருஷமாகப் புழங்குகிற கொல்லை, எனக்கே புதுசாக இருந்தது. கோழியைப் பிடித்தேன். சேலையைப் பிடித்தேன். யாருக்கும் தெரியாமல் பார்ப்பதில் இவ்வளவு சுகமா என்று அப்போதுதான் அந்த மனிதரைப் புரிந்துகொண்டேன்.

அந்த நேரத்தில் அவரே படத்துக்குள் வந்துவிட்டார். பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்கு வந்து, ஸ்டாண்டைச் சரி செய்தார். சட்டை நுனியால் லென்ஸைத் துடைத்தார். நான் போனைத் திறந்திருக்கமாட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும். சுற்றும் முற்றும் பார்த்தார். யாரும் இல்லை. கேமராவுக்கு எதிரில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, அதைப் பார்த்துச் சொன்னார்:

“கொஞ்சம் சிரிங்க.”

சரியாக வரவில்லை போலிருக்கிறது. தலையை ஆட்டிக்கொண்டார். மறுபடியும், இன்னும் பணிவாக, “இங்க பாருங்க, கொஞ்சம் சிரிங்க” என்றார். சொல்லிவிட்டு, சொல்லிவிட்டோமே என்று அவரே சிரித்தார்.

அடுப்படி ஜன்னல் திறந்துதான் இருந்தது. எனக்குக் கேட்டது. வட்டத்தைத் தொட்டேன். சத்தம் கேட்டதும் அவர் ஓடிப்போய்விட்டார்.

நான் எழுந்து கொல்லைக்குப் போனேன். போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். கேமராவுக்கு எதிரில் நின்றேன். பின்னால் ஆள் இல்லை. ஆனால் அந்தக் குரல் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. இத்தனை வருஷமாக ஒரு ஆளிடமும் சொல்ல முடியாத வார்த்தையை மனிதர் ஒரு வெறும் கொல்லையில் நின்று பழகிக்கொண்டிருக்கிறாரே என்று நினைத்தேன். தலை தானாக நிமிர்ந்தது. சிரிப்பு வந்தது. தொட்டேன்.

புதன்கிழமை கதவுக்கு அடியில் ஒரு கவர் வந்தது. உள்ளே என் படம். வகிடு தெரியவே இல்லை. முகம்தான். அதோடு இன்னொரு படமும் இருந்தது. அவர் முகம்.

“அது நீங்க புடிச்சதுங்க. நல்லா வந்திருக்குதுங்க” என்றது கதவு.

அவர் சொன்ன வார்த்தை எனக்குக் கேட்டது, அதனால்தான் சிரித்தேன் என்று சொல்லியிருக்கலாம். “ம்” என்றுதான் சொன்னேன். போனில் படம்தான் தெரியும், குரல் கேட்காது; அதனால் நான் எதுவும் கேட்கவில்லை என்றே நினைத்துக்கொண்டிருப்பார்.

வியாழக்கிழமை புது வண்டி வந்தது. எங்கள் வீட்டுக்காரர் படத்தைக் கண்ணாடிக்கு மேல் ஒட்டினார். அந்த முதல் நடைக்கு ஒரு தடவைக்கு இரண்டு தடவை தெருவைச் சுற்றி வந்துதான் கிளம்பினார்.

கொஞ்ச காலத்தில் ஆளில்லா கேட்டின் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று சொந்த ஊரான கெங்கவல்லிக்குப் போனார். வந்துடுவேனுங்க அக்கா என்றது கதவு. நான் அதற்கும் “ம்” என்றேன். வரவில்லை. அவர் நம்பருக்குப் போட்டால் உபயோகத்தில் இல்லை என்கிறது. எங்கள் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். லாரியைக் கொடுத்தபோது கேபினில் இருந்து அந்தப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். வடக்கத்தி வெயிலில் ஒரு ஓரம் வெளுத்திருக்கிறது. என் சிரிப்பு அப்படியே இருக்கிறது.

அந்தப் போனை அவர் திரும்பக் கேட்கவே இல்லை. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சேலம், நாமக்கல் பஸ்ஸெல்லாம் எங்கள் கடைக்கு எதிரில்தான் நிற்கும். ஒரு பஸ் வந்து நின்றால் ஆப்பைத் திறக்கிறேன். கேமரா அவர் பையில் இருந்தால் ஆப் கண்டுபிடிக்குமா, அணைத்து வைத்திருந்தால் கண்டுபிடிக்குமா, எனக்குத் தெரியாது. வட்டம் சுற்றும். பஸ் கிளம்பும் வரைக்கும் சுற்றும்.

கடையை வாடகைக்கு விடச் சொல்லி மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பார்க்கலாம் என்கிறேன். நடுக்கதவைத் திறந்தேதான் வைத்திருக்கிறேன்.